கர்ப்பப்பை எடுத்து ஐந்து மாதமாகியும் ஈரம், தழும்பு வலி: எந்தத் துறை டாக்டரிடம் போவது?

சிறுமலை (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு வயது 51. ஃபைப்ராய்டு கட்டிகளுக்காக ஐந்து மாதம் முன்பு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகள் இரண்டும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும். வேறு மாத்திரை இல்லை.

இப்போதுள்ள தொந்தரவுகள்:

ஆபரேஷன் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து கீழே ஈரம் தொடங்கியது. இன்றுவரை நிற்கவில்லை. நாளுக்கு 4, 5 பேட் மாற்றுகிறார். தூங்கும்போதும் நனைகிறது. இருமினாலோ தும்மினாலோ கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் பாத்ரூம் போனால் வழக்கம்போல 5, 6 முறை சிறுநீர் நன்றாகவே போகிறது.

தழும்பின் இடது முனையில் ஊசி குத்துவதுபோல் வலி, தொடை இடுக்குவரை எரிச்சல். தரையிலிருந்து எழும்போது அதிகம். மலச்சிக்கலும் இருக்கிறது.

ஆபரேஷன் செய்த இடத்தில் "வெள்ளைப்படுதல்தான், போகப் போகச் சரியாகும்" என்றார்கள். இன்னோர் இடத்தில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாவது இடத்தில் கெகல் பயிற்சி (இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது) செய்யச் சொன்னார்கள். இனி மறுபடி மகப்பேறு டாக்டரா, யூராலஜியா (சிறுநீர்ப் பாதைத் துறை), பிசியோவா? திண்டுக்கல் மாவட்டம், மதுரை போய்வர முடியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது.

---

வைகைக்கரை

இந்த மூன்று தொந்தரவுகளுக்கும் ஒரே டாக்டரைத் தேடாதீர்கள். "கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு பிரச்சினை" என்று போனால் எல்லோரும் மகப்பேறுப் பிரிவுக்கே திருப்பி அனுப்புவார்கள். எது எப்படிக் கசிகிறது, எது எப்படி வலிக்கிறது என்பதை வைத்துத்தான் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் அம்மா விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது யூராலஜி. காரணம் நீங்களே எழுதிய இரண்டு வரிகளில் இருக்கிறது: ஈரம் தூக்கத்திலும் நிற்பதில்லை, ஆனால் சிறுநீர்ப்பை வழக்கம்போல நிரம்பிக் கழிகிறது.

இருமும்போது மட்டும் கசிந்தால் அது தசை, தாங்குதிசு சம்பந்தமானது. திடீரென அவசரம் வந்து, போவதற்குள் நனைந்தால் சிறுநீர்ப்பையின் துடிப்பு. முழுவதும் வெளியேறாமல் தேங்கி வழிவது இன்னொரு வகை. படுத்திருக்கும்போதும் ஓயாத ஈரம் என்றால், பிஸ்டுலா (சிறுநீர் ஒழுகும்படி உள்ளே தவறாகத் திறந்த வழி) இல்லை என்று நிரூபிக்கும்வரை பிஸ்டுலா என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஒன்று, இரண்டு வாரத்தில் தொடங்கியிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. திசு நசுங்கியோ தையலில் மாட்டியோ ரத்த ஓட்டம் இழந்து, அந்த இடம் உதிர்ந்து வழி திறக்க அவ்வளவு நாள் பிடிக்கும்.

பிஸ்டுலாவில் இரண்டு முக்கிய வகை உண்டு. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுவது ஒன்று. ஓட்டை பெரிதானால் பையில் எதுவும் தங்காது, பாத்ரூம் போக வேண்டிய தேவையே குறைந்துவிடும். மற்றது, சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் யூரெட்டர் குழாயில் அடிபடுவது. கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, கர்ப்பப்பை ரத்தக்குழாய்க்கு அடியில்தான் அந்தக் குழாய் போகிறது. கட்டி பெரிதாக இருந்து ரத்தத்தை நிறுத்தப் போடும் கவ்வியில் அது சிக்கிவிடலாம். அப்போது ஒரு பக்கக் குழாய் கீழே ஒழுகும், மறுபக்கச் சிறுநீரகம் பையை வழக்கம்போல நிரப்பும். அதனால்தான் "பாத்ரூம் சரியாகப் போகிறதே" என்று பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். பையில் ஓட்டை மிகச் சிறிதாக இருந்தாலும் இதே மாதிரி தெரியலாம், ஆகவே பரிசோதிக்காமல் எது என்று சொல்ல முடியாது.

குழாய் வகையில் அவசரம் ஏனென்றால், ஒழுகும் இடம் மெல்லச் சுருங்கி அடைத்துக்கொள்ளும். ஈரம் குறைந்ததும் குணமாகிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். மேலே சிறுநீரகம் வீங்கி, வலியே இல்லாமல் வேலையை இழந்துகொண்டிருக்கும்.

இந்த வாரமே உள்ளூரில் செய்ய வேண்டியவை: வயிற்று அல்ட்ராசவுண்ட், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), யூரின் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்ப்பது). ஸ்கேன் சீட்டில் "இரு சிறுநீரகங்களில் எதிலாவது வீக்கம் உண்டா, சிறுநீர் கழித்த பின் பையில் மீதி எத்தனை மில்லி" என்று எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நிரம்பிய பையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மீதி 50 மில்லிக்குள் இருந்தால் நல்லது, 200ஐத் தாண்டினால் தேக்கம். கல்ச்சருக்கு மாதிரி கொடுப்பது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு.

ஈரம் சிறுநீர்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. பிறப்புறுப்பில் தேங்கும் நீரைச் சிரிஞ்சில் எடுத்து அதிலும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். ரத்தத்தில் 1 சுற்றி இருக்கும்போது அந்த நீரில் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர். ரத்த அளவை ஒட்டியே இருந்தால் சிறுநீர் இல்லை. அப்போது தையல் இடத்துச் சதை வளர்ச்சி, தொற்று போன்றவற்றைத் தேட வேண்டும்; அதற்கு மகப்பேறு டாக்டர்தான். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்து உள்ளே பார்க்காமலே "வெள்ளைப்படுதல்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

---

பொருநை

கெகல் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லைதானே? இடுப்புத்தளம் வலுவானால் எந்தக் கசிவுக்கும் கொஞ்சமாவது உதவும். மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பும் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள், எந்தத் துறைக்குப் போனாலும் கேட்பார்கள்.

---

தாழம்பூ

பொருநை, குறிப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி. கெகல் பற்றி மாறுபடுகிறேன். ஓட்டை வழியாக வரும் சிறுநீரைத் தசை தடுக்காது. மூடும் தசைக்கு மேலேயே அது வழி கண்டுபிடித்துவிட்டது. பயிற்சியால் கெடுதல் வருவதைவிட, "மூன்று மாதம் செய்து பார்ப்போம்" என்று நாள் போவதுதான் ஆபத்து. இருமல் கசிவுக்கு அது முதல் சிகிச்சை. ஒரு தடவைக்கு 8 முறை இறுக்கி, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். அதற்கும் ஒரு முறையாவது உள்பரிசோதனை செய்து, சரியான தசையைத்தான் இறுக்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பலர் வயிற்றையும் பின்புறத்தையும் இறுக்கி, கீழே அழுத்திக்கொண்டிருப்பார்கள். இடுப்புத்தளம் ஏற்கெனவே இறுகி வலிக்கிறவர்களுக்கு கெகல் வலியைக் கூட்டும், அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் தேவை. மலச்சிக்கல் இருப்பதால் அம்மாவுக்கு இதையும் பிற்பாடு பார்க்க வேண்டும்.

குறிப்பு எழுத: 3 நாள், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று, சமையலறைக்குத் திரும்பிப் போகாதது. மணி, குடித்த அளவு, கழித்த அளவு, பேட் மாற்றிய நேரம். காய்ந்த பேட்டையும் நனைந்த பேட்டையும் சமையல் தராசில் தனிப் பையில் போட்டு நிறுத்தால், ஒரு கிராம் கூடுதலை ஒரு மில்லி என்று கொள்ளலாம். படுக்கும் முன் போட்ட பேட்டை விடிந்ததும் எடைபோட்டு, தனியே எழுதுங்கள். அந்த ஒரு எண் டாக்டரிடம் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். இதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

தழும்பு வலி தனிக் கதை. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அம்மா மல்லாந்து படுக்கட்டும். வலிக்கும் புள்ளியை ஒரு விரலால் அழுத்துங்கள். அப்படியே தலையையும் தோளையும் லேசாக உயர்த்தச் சொல்லுங்கள். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரில், நரம்பிலோ தசையிலோ இருக்கிறது. குறைந்தால் உள்ளே தேட வேண்டும். கீழ்வயிற்றுக் குறுக்குக் கீறலின் இரு முனைகளிலும் தொடை இடுக்குக்கு இறங்கும் நரம்புகள் ஓடுகின்றன. அவை வெட்டுப்பட்டோ தையலில் மாட்டியோ தழும்பில் இறுகியோ போனால் நீங்கள் எழுதியதுபோலவே எரியும். எழும்போது அதே இடத்தில் புடைப்பு தெரிந்தால் குடலிறக்கம், அதற்குப் பொது அறுவை சிகிச்சை டாக்டர்.

நரம்பு வலி என்றால் போக வேண்டியது பெயின் கிளினிக். பெரும்பாலும் மயக்கவியல் படித்தவர்கள்தான் நடத்துகிறார்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்த நரம்பின் அருகில் மரப்பு ஊசி போடுவார்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில் வலி விட்டால் நரம்பு எது என்று தெரிந்துவிட்டது. சிலருக்கு அந்த ஊசியே வாரக்கணக்கில் நிவாரணம் தரும். ஊசிக்கு முன் பத்துக்கு எத்தனை, அரை மணி கழித்து எத்தனை, மறுநாள் எத்தனை என்று எழுதி வையுங்கள். மறுபடி போகும்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஆனால் வரிசையை மாற்றாதீர்கள், சிறுநீரகம் முதலில். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் காபாபென்டினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அதன் வேலை குறைந்திருந்தால் வழக்கமான அளவே தலைசுற்றலும் மயக்கமும் கொடுத்து விழ வைக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரியான மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கவே வேண்டாம். கிரியாட்டினின் தெரியும்வரை பாராசிட்டமால் போதும். இடது வலி என்பதால் இன்னொரு எச்சரிக்கை: விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலியும் குளிர்க் காய்ச்சலும் சேர்ந்தால் அது தழும்பு வலி இல்லை. அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று. அன்றிரவே அவசரப் பிரிவு.

---

பழனிச்சாலை

காகிதங்கள் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் பாதிப் பயணம் வீணாகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு என்று தனியாக ஒரு தாள் இருக்கும். உறுப்புகள் எங்கே ஒட்டியிருந்தன, எவ்வளவு ரத்தம் போனது, யூரெட்டரைப் பார்த்தார்களா, சிறுநீர்ப்பையைத் தள்ளும்போது கிழிந்து தைத்தார்களா என்பதெல்லாம் அதில்தான். பயாப்சி ரிப்போர்ட்டும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான். கடிதத்தில் தேதி போட்டு, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். "மேல்சிகிச்சைக்காக" என்று மட்டும் எழுதுங்கள். புகார் தொனி வந்தால் தாள் வரும் வேகம் குறையும், இப்போதைக்கு உங்களுக்குத் தேவை தாள்.

எங்கே போவது: மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் யூராலஜி தனித்துறையாகவே இருக்கிறது, மகப்பேறும் அதே மருத்துவக் கல்லூரியின் கீழ். உங்கள் சிக்கலுக்கு இந்த இரண்டு துறையும் கூப்பிடு தூரத்தில் இருப்பது முக்கியம். திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கிய பரிந்துரைக் கடிதத்துடன் போங்கள். கடிதத்தில் "கர்ப்பப்பை அகற்றியபின் தொடர் கசிவு, பிஸ்டுலா சந்தேகம்" என்ற சொற்கள் இருக்கட்டும். "யூரின் தொந்தரவு" என்று எழுதினால் மறுபடி ஆன்டிபயாடிக்தான் வரும்.

தனியாரில் தேடினால் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தைப் படியுங்கள். எம்.சிஎச். யூராலஜி அல்லது டி.என்.பி. யூராலஜி என்றால் அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்து அதற்கு மேல் 3 ஆண்டு. எம்.எஸ். ஓ.ஜி., டி.ஜி.ஓ. என்றால் மகப்பேறு. பலகையில் "யூரோகைனகாலஜி" (பெண்களின் சிறுநீர், இடுப்புத்தளச் சிக்கல்கள்) என்று இருந்தால் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி என்று கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் ஃபெலோஷிப் செய்தவர்களும் சில நாள் பட்டறையோடு நிறுத்தியவர்களும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்க்கலாம்.

டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பின் வரும் பிஸ்டுலாவை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் சரிசெய்கிறீர்கள்? யூரெட்டரையும் மாற்றிப் பொருத்த வேண்டி வந்தால் நீங்களே செய்வீர்களா, வேறு யாரையாவது அழைப்பீர்களா? முதல் முறை சரியாக மூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தவறினால் அடுத்த முறை தழும்பேறிய திசுவில் வேலை செய்ய வேண்டும். அதனால் இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டையில் அம்மா பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலக மையத்தில் சேர்க்க வேண்டும். அட்மிட் ஆகும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்டரில் முன்அனுமதி வாங்க வேண்டும். முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள்.

---

சிறுமலை

மிக்க நன்றி. ஆபரேஷன் குறிப்பு கிடைத்தது. "இடது பக்கம் ஒட்டுதல், ரத்தக்கசிவு, கூடுதல் தையல்" என்று இருக்கிறது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம், வலது சரி. கழித்தபின் மீதி 20 மில்லி. கிரியாட்டினின் 0.9. இங்கே ஒருவர் "சாதா சி.டி. எடுத்துப் பார்க்கலாம்" என்கிறார். எடுக்கலாமா? தலை தூக்கும் பரிசோதனையில் வலி கூடியது.

---

வைகைக்கரை

சாதா சி.டி. வேண்டாம். அது கல் தேடுவதற்கு. ஒழுகும் இடம் அதில் தெரியாது. கேட்க வேண்டியது சி.டி. யூரோகிராம். ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி, சாயம் சிறுநீராக இறங்கும்வரை 10, 15 நிமிடம் காத்திருந்து எடுக்கும் தாமதப் படம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் செலவு வீண். யூராலஜி டாக்டரைப் பார்த்து அவர் சீட்டிலேயே எடுப்பது நல்லது. இல்லையென்றால் அவர் மறுபடி எடுக்கச் சொல்லுவார், சாயமும் கதிரும் இரண்டு மடங்கு.

கிரியாட்டினின் 0.9 நிம்மதி தரும் எண்தான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஒரு சிறுநீரகம் நன்றாக இருந்தாலே இந்த எண் சரியாகக் காட்டும், மற்றது பாதி போயிருந்தாலும். அதனால்தான் இடது எவ்வளவு வேலை செய்கிறது என்று தனியாகப் பார்க்க டி.டி.பி.ஏ. ஸ்கேன் எழுதுவார்கள். மெட்ஃபார்மின் போடுவதையும் முன்பு சாயத்துக்கு அலர்ஜி வந்திருந்தால் அதையும் ஸ்கேன் மையத்தில் சொல்லுங்கள். சிறுநீரக வேலை நன்றாக இருப்பவர்களுக்குப் பொதுவாக மாத்திரையை நிறுத்தத் தேவையிருக்காது, முடிவு அவர்களுடையது.

மூன்று பஞ்சுப் பரிசோதனையும் செய்வார்கள். பிறப்புறுப்பில் மேலிருந்து கீழாக மூன்று பஞ்சு வைத்து, டியூப் வழியாகச் சிறுநீர்ப்பையில் நீல மருந்து கலந்த நீரை ஏற்றி, சிறிது நேரம் நடக்கச் சொல்லி எடுப்பார்கள். மேல் பஞ்சு நீலமானால் ஓட்டை பையில். நனைந்திருந்தும் நீலம் இல்லையென்றால் யூரெட்டர். கீழ்ப் பஞ்சில் மட்டும் நீலம் என்றால் சிறுநீர்த் துவாரம் வழியாக வந்தது. இரண்டு வகையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஆகவே மேல் பஞ்சு நீலமானாலும் யூரெட்டர் படத்தை விட்டுவிட மாட்டார்கள். விட்டால் நீங்கள் கேளுங்கள்.

யூரெட்டர்தான் என்று வந்தால் முதலில் உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை ஏற்றப் பார்ப்பார்கள். ஏறினால் சிலருக்கு அதிலேயே மூடிக்கொள்ளும். ஐந்து மாதத்துக்குப் பிறகு இடம் சுருங்கிப்போய் ஏறாமல் போகவும் வாய்ப்புண்டு. அப்போது முதுகுப்பக்கம் சிறுநீரகத்தில் தற்காலிகக் குழாய் வைத்து வடித்துவிட்டு, யூரெட்டரைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்துவார்கள். பையில் ஓட்டை என்றால் பிறப்புறுப்பு வழியாகவோ வயிறு வழியாகவோ மூடுவது. வீக்கம் அடங்க மூன்று மாதம்வரை காத்திருக்கும் வழக்கம் உண்டு, அம்மாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

---

தாழம்பூ

வலி கூடியது என்றால் பெயின் கிளினிக் சந்திப்பைப் பதிவுசெய்து வையுங்கள். ஆனால் வயிறு வழியாக மறு ஆபரேஷன் வருமானால் ஊசிக்கு அவசரம் இல்லை. யூராலஜி டாக்டரிடம் அந்தப் புள்ளியைப் பேனாவால் குறித்துக் காட்டுங்கள். பழைய தழும்பு வழியாகவே திறப்பதாக இருந்தால் நரம்பையும் அங்கேயே பார்க்க முடியுமா என்று கேட்கலாம்.

சிறுநீர்ப்பை ஓட்டையை மூடும் ஆபரேஷன் என்றால் சிறுநீர் டியூப் 2, 3 வாரம் இருக்கும். அந்த டியூப்தான் தையலைக் காப்பாற்றுகிறது. தொடைக்கு அடியில் மடங்கினாலோ ரத்தக்கட்டி அடைத்தாலோ சிறுநீர்ப்பை நிரம்பித் தையல் பிரியும். டியூபில் மாட்டிய வெளிப்பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், சிறுநீர் இறங்குகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. டாக்டர் தடுக்காவிட்டால் நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். முக்கி மலம் கழிக்கக் கூடாது. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் மாதிரி ஏதாவது இப்போதே எழுதி வாங்குங்கள்.

---

பழனிச்சாலை

ஸ்டென்ட் வைத்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் "டி.ஜே. ஸ்டென்ட் இடது, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி" என்று எழுதாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். வெளியே எதுவும் தெரியாததால் மறந்துபோகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேல் கல் படிந்து, ஐந்து நிமிடத்தில் எடுக்க வேண்டியதற்கு இன்னோர் ஆபரேஷன் தேவைப்படும். அந்தத் தேதியை அம்மா போனிலும் உங்கள் போனிலும் போட்டு வையுங்கள்.